துறைமுகத்தில் ஒரு கப்பலும் இல்லை

திருகோணமலையில் ஆரம்ப வகுப்பு படிப்பிக்கிற ஆசிரியர்களில் பாதிப் பேருடைய பாடக்குறிப்பை எழுதியவன் இராகுலன். அவன் ஆசிரியன் இல்லை. உட்துறைமுக வீதிக்குப் போகிற வழியில் ஒரு கொமினிகேசன் கடை வைத்திருக்கிறான். இரண்டு போட்டோக்கொப்பி மெசின், ஒரு கொம்பியூட்டர், ஒரு பழைய அலுமாரி, வாசலில் எந்த நேரமும் இரண்டு மூன்று மான்கள். எங்கள் ஊர் மான்களுக்குத் தாள் என்றால் உயிர். கழித்த தாளை மட்டைப்பெட்டியில் போட்டு வெளியே வைத்தால் பெட்டியையும் சேர்த்துத் தின்றுவிட்டுத்தான் போகும்.

பாடக்குறிப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாளைக்கு என்ன படிப்பிக்கப் போகிறேன், எப்படிப் படிப்பிக்கப் போகிறேன் என்று ஆசிரியர் முதல்நாளே எழுதி வைக்க வேண்டியது அது. அதிபர் பார்த்துக் கையொப்பம் வைப்பார். அதிகாரிகள் வந்தால் முதலில் கேட்பதும் அதைத்தான். பிள்ளைகளைக் கேட்பது பிறகு, நேரமிருந்தால். இராகுலனின் கொம்பியூட்டரில் தரம் ஒன்று முதல் ஐந்து வரை முழு வருடத்துக்கும் குறிப்பு இருந்தது. பாடசாலைப் பெயரையும் ஆசிரியர் பெயரையும் மாற்றி அடித்துத் தருவான். ஒருமுறை எனக்குத் தந்ததில் மாணவர் தொகை முப்பத்தெட்டு என்று வேறு யாருடைய வகுப்போ அப்படியே நின்றுவிட்டது. என் வகுப்பில் இருந்தது இருபத்திரண்டு பேர். அந்த முப்பத்தெட்டோடு மூன்று தவணையும் ஓடி முடிந்தது. நானும் பார்க்கவில்லை, அதிபரும் பார்க்கவில்லை. கையொப்பம் மட்டும் ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது.

ஓம், நானும் ஆசிரியைதான். பெயர் கௌசிகா. அன்புவழிபுரத்துப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் நான்குக்கு வகுப்பாசிரியை. வாய்க்காரி என்று ஊரில் பெயர். இராகுலனின் கதையைச் சொல்ல வந்தால் என்னுடைய வண்டவாளமும் சேர்ந்துதான் வரும். வரட்டும்.

அவனும் நானும் இரண்டாம் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். எண்பத்தைந்தாம் ஆண்டு. எங்கள் ரீச்சரின் பெயர் சிவபாக்கியம். வகுப்பில் முப்பது பிள்ளைகள். ரீச்சர் ஜன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருப்பார். நாங்கள் சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். புத்தகத்தோடு போய் அவரின் வலப்பக்கம் நின்று, வரிக்குக் கீழே விரல் வைத்து வாசிக்க வேண்டும். இதற்குப் பெயர் பாடம் கொடுப்பது. சரியாக வாசித்தால் பக்கத்தின் அடியில் சிவப்புப் பென்சிலால் ஒரு சரி போட்டு "அடுத்த பக்கம்" என்பார். வாசிக்காவிட்டால் அன்றைய திகதியை மட்டும் போட்டு "நாளைக்கு வா" என்பார். அடிக்க மாட்டார். அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்கு விட்டிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இதில் ஒரு விசயத்தை நான் அப்போது கவனித்தேன், பிறகு நாற்பது வருடம் மறந்துபோனேன். பிள்ளை வாசிக்கும்போது ரீச்சர் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளையின் கண்ணைத்தான் பார்ப்பார்.

இராகுலன் நண்டுப் பாடத்தில் மாட்டிக்கொண்டான். பத்து வரி. திங்கட்கிழமை தொடங்கினான், திகதி விழுந்தது. செவ்வாய், திகதி. அவனுடைய அம்மா பொறுக்க மாட்டாமல் இரவிரவாக அந்தப் பத்து வரியையும் அவனுக்குப் பாடமாக்கிவிட்டா. புதன்கிழமை போய் நின்று மடமடவென்று ஒப்புவித்தான். மூன்றாம் வரியில் ரீச்சர் தன் உள்ளங்கையால் பக்கத்தை மூடினார். அவன் நிறுத்தவில்லை. ரீச்சரின் கைக்கு மேலேயே விரலை ஓட்டி நண்டை வளைக்குள் அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. கையை எடுத்து, திகதியைப் போட்டு, "நாளைக்கு வா" என்றார். வியாழன், வெள்ளி. அடுத்த திங்கட்கிழமை தட்டுத்தடுமாறி, எழுத்தெழுத்தாகப் பிடித்து, வேர்க்க வேர்க்க வாசித்து முடித்தான். ஆறாவதாக விழுந்த திகதிக்குப் பக்கத்தில் சரி விழுந்தது. வாங்குக்கு வந்து என் காதில், "நண்டுக்குப் பத்துக் காலாம், உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டான். அத்தனை நாளும் அவன் வாயால் சொன்னதுதான். அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

அந்த வருடமே சண்டையில் ஊர் குலைந்தது. ஆளுக்கொரு பக்கமாக ஓடினோம். ரீச்சர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போய் அங்கே முகாமில் காலமானார் என்று பல வருடம் கழித்துத்தான் கேள்விப்பட்டோம். இராகுலன் வீட்டில் மிஞ்சியது ஒரு தகரப்பெட்டி. அதற்குள் அந்த இரண்டாம் வகுப்புப் புத்தகம் இருந்தது.

பெரியவனானதும் அவன் உயர்தரம் எடுத்தான், பல்கலைக்கழகத்துக்கு எட்டவில்லை. ரைப்பிங் பழகினான். இறங்குதுறைப் பக்கம் ஒரு ரெலிபோன் கடையில் வேலைக்கு நின்றான். சமாதான காலத்தில் தனக்கென்று கடை போட்டான். அந்த நாட்கள்தான் நாட்கள். மூதூருக்கு அப்போது பாலம் இல்லை, கடலில் போகிற லோஞ்சுதான். காலை லோஞ்சில் வந்து இறங்குகிற சனம் முதலில் இராகுலன் கடைக்குத்தான் வரும். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க, படிவம் நிரப்ப, கடிதம் அடிக்க. லோஞ்சில் ஒருவர் வாங்கிய பத்திரிகை நாலு துண்டாகப் பிரிந்து நாலு பேரின் மடியில் கிடக்கும். மீன் விற்க வந்தவர் விளையாட்டுப் பக்கத்தைக் கேட்டு வாங்குவார். கரை தட்டும் வரைக்கும் எல்லோரும் வாசித்துக்கொண்டே வருவார்கள். நான் வெருகலில் தொண்டர் ஆசிரியையாக இருந்த காலம் அது. மூதூர் வரை அந்த லோஞ்சில் போய் அங்கிருந்து பஸ் பிடிப்பேன். எத்தனை காலை அந்த லோஞ்சில் இருந்து பார்த்த காட்சி. இப்போது பஸ்ஸில் போகும்போது எல்லோர் கையிலும் போன். தலை நிமிராமல் பார்க்கிறார்கள், ஆனால் பெருவிரல் நிற்கிற இடமில்லை.

தொண்டர் ஆசிரியை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சண்டைக் காலத்தில் தூர இடங்களுக்கு ஆசிரியர்கள் வரமாட்டார்கள். உயர்தரம் படித்த எங்களைப் பிடித்து வகுப்பில் விட்டார்கள். சம்பளம் இல்லை, பயிற்சி இல்லை. ஏழு வருடம் அப்படி நின்று பிறகு நியமனம் கிடைத்தது. நியமனத்துக்குப் பிறகு பயிற்சிப் பாடநெறி ஒன்று படித்தேன். அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படைகளை எல்லாம் இராகுலன் தேடி, இராகுலனே அடித்தான். "பிள்ளைகளுக்கு வாசிப்பைக் கற்பித்தல்" என்ற ஒப்படைக்கு எனக்கு மிகத் திறமையான பெறுபேறு. அதை நான் முழுதாக ஒருநாளும் வாசித்ததில்லை.

முதல் பாடக்குறிப்பும் என்னுடையதுதான். "என்ர எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குது, ஒருக்கா அடிச்சுத் தாவன்" என்று கேட்டேன். அடித்துத் தந்தான். அதைப் பார்த்த அடுத்த வகுப்பு ரீச்சர் கேட்டா. பிறகு அடுத்த பாடசாலை. அந்த நேரம் பாலங்கள் வந்து லோஞ்சுச் சனம் நின்றுபோயிருந்தது. எல்லோர் கையிலும் போன் வந்து கோல் எடுக்கிற ஆட்களும் இல்லை. கடையைப் பூட்டுகிற நிலையில் இருந்தவனை ஆசிரியர்கள் தூக்கி நிறுத்தினோம். வாசலில் "பாடக்குறிப்பு தயாரித்துத் தரப்படும்" என்று பெரிய பலகை ஏறியது.

அவனுக்குப் பிந்திக் கிடைத்த ஒரே பிள்ளை கீர்த்தனி. தாய் ஆஸ்பத்திரியில் தாதி. அதனால் பள்ளி விட்டதும் பிள்ளை கடைக்கு வந்துவிடும். போன வருடம் அவள் தரம் நான்குக்கு, என்னுடைய வகுப்புக்கே வந்தாள். அவள் முதலாம் வகுப்பு படித்தது கொரோனாவில், போனுக்குள். இரண்டாம் வகுப்பு பெற்றோல் வரிசையில் போனது. மூன்றாம் வகுப்பில் மூன்று ரீச்சர் மாறினார்கள். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. ஆனாலும் அழகாகப் பேசுவாள், பாட்டுக்கும் நாடகத்துக்கும் முன்வரிசை. நல்ல பிள்ளை, வாசிப்பாள் என்று நான் நம்பினேன். இராகுலன் என்னை நம்பினான்.

அந்த வருடம் வாசிப்புப் பரிசோதனை என்று ஒன்று வந்தது. தரம் நான்குப் பிள்ளை ஒவ்வொருவரும் ஓர் அட்டையை அதிகாரிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எங்கள் பகுதிப் பதினொரு பாடசாலைக்கும் பொறுப்பாக வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த நஸ்ரி சேர், ஆசிரிய ஆலோசகர். அட்டையை அச்சடிக்க அவர் கொடுத்த இடம் வேறெங்கு, இராகுலன் கடைதான். மாதிரி அடித்துப் பார்த்த அன்றே நாலு ஆசிரியர்கள் கடையில் நின்றார்கள். "ராகுலன் அண்ணை, ஒரு கொப்பி தாங்கோவன், பிள்ளையள் பாவம்." பதினொரு பாடசாலைக்கும் அட்டை போய்ச் சேர்ந்தது. நானும் எடுத்தேன். எடுக்கவில்லை என்று சொன்னால் வாய் அழுகிப்போகும்.

அட்டையில் ஐந்தே வரி. "ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடன் துறைமுகம் பார்க்கப் போனேன். கடல் அமைதியாக இருந்தது. அங்கே மூன்று கப்பல்கள் நின்றன. நாங்கள் கப்பலுக்குக் கை காட்டினோம். பின்பு வீட்டுக்கு வந்தோம்." காலையில் ஒருமுறை, இடைவேளைக்குப் பின் ஒருமுறை, வீட்டுக்குப் போக முன்னர் ஒருமுறை என்று வகுப்பு முழுதும் சேர்ந்து சொன்னோம். நாலு நாளில் கூரை அதிர்ந்தது. பக்கத்து வகுப்பு ரீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் பொறாமையோடு போனா.

பரிசோதனைக்கு ஒரு கிழமைக்கு முந்திய நாள். கீர்த்தனி பள்ளி விட்டுக் கடைக்கு வந்தாள். மெசினின் பச்சைப் பொத்தானை அழுத்துவது அவளுக்கு விளையாட்டு. மேசையில் கிடந்த வாசிப்பு அட்டையை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்து அழுத்தினாள். அட்டையை எழுத்து மேலே பார்க்க வைத்துவிட்டாள். அதனால் வந்த கொப்பி வெறும் வெள்ளைத் தாள். அதைக் கையில் எடுத்து, தகப்பனுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, விரலை வரி வரியாக ஓட்டி, "ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடன்" என்று தொடங்கி "வீட்டுக்கு வந்தோம்" வரை ஒரு பிழை இல்லாமல் வாசித்தாள்.

இராகுலன் அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம். பிறகு ஒரு தாளில் "கடல்" என்று பெரிதாக எழுதிக் காட்டினான். அவள் யோசித்து, "துறைமுகம்" என்றாள். "அப்பா" என்று எழுதினான். "கப்பல்" என்றாள்.

அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"கௌசி, இதை ஒருக்கா வாசி" என்று அந்த வெள்ளைத் தாளை நீட்டினான்.

"என்னடா விசரா? இதில ஒண்டும் இல்லையே."

"கீர்த்தனி வாசிச்சவள். முழுக்க."

எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதால்தான் கோபம் வந்தது. கொரோனாவைச் சொன்னேன், பெற்றோலைச் சொன்னேன், கிழமைக்கு மூன்று சுற்றுநிருபம் வருவதைச் சொன்னேன். "நான் ஒருத்தி இருபத்திரண்டு பிள்ளையோட என்னத்தைச் செய்யிறது? அந்தக் கொப்பியைத் தந்தது ஆர்? நீதானே!"

"ஓம். நான்தான் தந்தனான்" என்றான். "உன்னில பிழை சொல்ல வரேல்லை. சிவபாக்கியம் ரீச்சர் கையால பொத்தினது உனக்கு ஞாபகம் இருக்கே?"

"இல்லை" என்றேன். பச்சைப் பொய்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் செய்ததை எனக்கு அப்போது சொல்லவில்லை. நஸ்ரி சேரைக் கடைக்கு வரச் சொல்லி வெள்ளைத் தாளைக் காட்டியிருக்கிறான். கொப்பி வெளியே போனதையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறான். நஸ்ரி சேர் கன நேரம் வாசலில் மானைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். "நமக்குத் தெரியாமலா தம்பி இருக்கு? எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் தொறக்கல்ல" என்றாராம். பிறகு பேனையை எடுத்து, "மூன்று கப்பல்கள் நின்றன" என்பதை வெட்டி, "ஒரு கப்பலும் இல்லை" என்று எழுதினாராம். "மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒருத்தருக்கும் சொல்லாதீங்க." இராகுலன் இருநூற்று நாற்பது அட்டை அடித்துக் கட்டி வைத்தான்.

பரிசோதனை நாளன்று நஸ்ரி சேர் என் மேசையில் இருந்தார். முதல் பிள்ளை வந்து விரல் வைத்து, கணீரென்று, "அங்கே மூன்று கப்பல்கள் நின்றன" என்றது. நான் பெருமையோடு அட்டையை எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு கப்பலும் இல்லை. இரண்டாம் பிள்ளைக்கும் மூன்று கப்பல். மூன்றாம் பிள்ளைக்கும் மூன்று கப்பல். இருபத்திரண்டு பேரில் மூன்று பேர்தான் அட்டையில் இருந்ததை வாசித்தார்கள். ஒரு பிள்ளை அழுதது. மற்றப் பதினெட்டுப் பேரும் இல்லாத கப்பலைக் கண்டார்கள். கீர்த்தனியும் கண்டாள். முடித்துவிட்டு, நல்லா வாசித்தேனா ரீச்சர் என்பது போல என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் தாங்கிக்கொண்டு நின்றது பெரிய காரியம்.

நஸ்ரி சேர் ஏசவில்லை. எழும்பும்போது, "புள்ளைகள்ற குரல் நல்லா இருக்கு ரீச்சர்" என்றார்.

பதினொரு பாடசாலையிலும் அதே மூன்று கப்பல். அன்று பின்னேரம் எங்கள் போன்கள் ஓயவில்லை. காட்டிக்கொடுத்தது இராகுலன் என்பது வெளிச்சம். என்னுடைய வாய் சும்மா இருந்ததா? முதலில் சொன்னதே நான்தான். "கூட இருந்து குழி பறிச்சிட்டான், இனி அவன்ர கடைப் பக்கம் ஒருத்தரும் போகாதேங்கோ" என்று ஏழு பேருக்குச் சொன்னேன். போகவில்லை. சந்தைக்குப் பக்கத்தில் புதுக்கடை ஒன்று பாடக்குறிப்பு அடிக்கத் தொடங்கியது. இராகுலனின் மெசின் ஓய்ந்தது.

இருபது நாள் கழித்து வாசிக்க இயலாத பிள்ளைகளின் பட்டியல் வந்தது. முதலாவது பெயர் கீர்த்தனி. அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மாற்றிய அட்டைகள் ஐந்து நாள் அந்தக் கடையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பிள்ளை ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் கட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். ஒரே ஒரு வரியைச் சொல்லிக்கொடுக்க அவனுக்கு ஒரு நிமிடம் போதும். அவன் தன் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். பிள்ளைகள் விளையாட்டு நேரத்தில் வெளியே நின்றதால் யாரும் பார்க்கவில்லை.

பள்ளி விட்டதும் கடைக்குப் போனேன். வாசலில் பலகையைக் காணவில்லை. ஒரு பெட்டி நிறையப் பழைய பாடக்குறிப்புகள், அதில் இரண்டு மான்கள் வாயை வைத்திருந்தன.

"அதுகளாவது பாவிக்குதுகள்" என்றான் இராகுலன்.

நான் சிரிக்க முயன்று முடியாமல் கதிரையில் இருந்தேன். அவன் அலுமாரியைத் திறந்து இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்தான். அட்டை இல்லை, நூல் கட்டியிருந்தது. நண்டுப் பாடத்தின் அடியில் சிவப்புப் பென்சில் மங்கித் தெரிந்தது. 11.3.85, அதன் கீழ் 12, 13, 14, 15. கடைசியில் 18.3.85, பக்கத்தில் ஒரு சரி. ரீச்சரின் அந்தச் சாய்ந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்கு ஏழு வயது திரும்பி வந்துவிட்டது.

"அவவுக்கு முப்பது பிள்ளை, கௌசி. உனக்கு இருபத்திரண்டு."

"அவவுக்கு வட்சப் இல்லை, சுற்றுநிருபம் இல்லை" என்று தொடங்கினேன். பிறகு நிறுத்தினேன். இத்தனை வருடம் யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். "எனக்குத் தெரியாது, ராகுலன். பிள்ளைக்கு எப்பிடி வாசிக்கப் பழக்கிறதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லை. வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளையளைத்தான் நான் இவ்வளவு காலமும் வாசிக்க விட்டனான்."

அவன் ஆச்சரியப்படவில்லை. "அந்த ஒப்படையை அடிச்சவன் நான்தானே. எனக்கும் தெரியாது" என்றான். "ரீச்சர் செய்ததைச் செய்து பாப்பம். கண்ணைப் பார்."

அடுத்த நாள் கதிரையை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். எதிர்க்கடையில் வாங்கிய சிவப்புப் பென்சில். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முதல் கிழமை நான் கண்டதைச் சொன்னால் வெட்கம். பதினெட்டுப் பேரின் கண்ணும் தாளில் இல்லை. என் உதட்டில் இருந்தது, சுவரில் இருந்தது, முகட்டில் இருந்தது. கீர்த்தனிக்கு "ப" தெரியும், "பா" தெரியாது. நாலாம் வகுப்பில் முதலாம் வகுப்பைத் தொடங்கினோம். பாடக்குறிப்பு எழுத நேரமில்லை. அதிபர் கேட்டார், இல்லை என்றேன். விளக்கம் கேட்டுக் கடிதம் தந்தார், அதற்கும் பதில் எழுத நேரமில்லை. சில நாள் பொறுமை கெட்டு இரைந்திருக்கிறேன். பிள்ளைகள் பயந்து போய் நின்றால் பிறகு எனக்கே அந்தரமாக இருக்கும், அடுத்த நாள் தின்ன ரொபி வாங்கிக்கொண்டு போவேன். சிவபாக்கியம் ரீச்சருக்கு இந்தக் கூத்தெல்லாம் தேவைப்படவில்லை. ஐந்து மாதத்தில் பதினொரு பேர் தேறினார்கள். கீர்த்தனி எழுத்துக்களைப் பிடித்தாள், சொற்களைப் பிடித்தாள், வரி என்று வந்தால் நழுவினாள். வருடம் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. இப்படியே ஐந்தாம் வகுப்புக்குப் போனால் அங்கே வினாத்தாள் மேல் வினாத்தாள்தான், இவளுக்காக யாரும் நிற்க மாட்டார்கள்.

அப்போதுதான் மிஞ்சிக் கிடந்த வாசிப்பு அட்டையை அவளுக்கு முன்னால் வைத்தேன். முதல் நாள் பழைய பழக்கத்தில் மூன்று கப்பலையும் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் உள்ளங்கையால் அட்டையை மூடினேன். அவள் விரல் என் கைமேல் இரண்டு வரி ஓடியது. பிறகு தானே நின்றாள். அட்டையின் அடியில் திகதி போட்டு "நாளைக்கு வாங்கோ" என்றேன். இரண்டாம் நாள், மூன்றாம் நாள். நாலாம் நாள் "ஞாயிற்றுக்கிழமை"யிலேயே களைத்துப்போனாள். ஆறாம் நாள் இரண்டு வரி.

ஏழாம் நாள் அவள் கண் தாளைவிட்டு எழும்பவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அங்...கே ஒரு கப்...பலும் இல்...லை." நெற்றியில் வேர்வை. "நாங்...கள் கப்...பலுக்குக் கை காட்...டினோம்." அந்த இடத்தில் நின்றுவிட்டாள். விரலைத் தூக்கி மேல் வரிக்குக் கொண்டுபோனாள். மறுபடி கீழ் வரிக்கு வந்தாள். நான் சொல்லிக்கொடுக்க வாய் எடுத்தேன். அதற்குள் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரீச்சர், ஒரு கப்பலும் இல்லையெல்லோ? பிறகு எந்தக் கப்பலுக்குக் கை காட்டினவை?"

நான் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். உண்மைதான். கப்பல் இல்லை, அடுத்த வரியில் கப்பலுக்குக் கை காட்டுகிறார்கள். அந்த வரியை நஸ்ரி சேர் மாற்ற மறந்துவிட்டார். இருநூற்று நாற்பது அட்டை, பதினொரு பாடசாலை, அத்தனை ஆசிரியர்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. பரிசோதனை நாளில் அந்த அட்டைக்குப் பக்கத்திலேயே நின்ற எனக்கும் படவில்லை.

ஏழாவது திகதியைப் போட்டு, பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டேன். பென்சில் முனை உடைந்தது. வகுப்பில் போன் எடுக்கக்கூடாது, எடுத்தேன். இராகுலனைக் கூப்பிட்டு அவள் கேட்டதை அப்படியே சொன்னேன்.

மறுமுனையில் மெசின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"நான்தானே கௌசி அதை ரைப் பண்ணினனான்" என்றான். "பிழை பாத்தனான். இரண்டு தரம் பாத்தனான். எனக்குத் தெரியேல்லையே." அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். கீர்த்தனி என் சேலையைப் பிடித்துக்கொண்டு இன்னும் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, "எத்தினையாம் நாள் வாசிச்சவள்?" என்று கேட்டான்.

"ஏழாம் நாள்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்ப என்னை விட ஒரு நாள்தான் கூட" என்றான்.